படியில் இறங்கும் ஐந்தாவது ஆள்

என் சின்னம்மா காளியம்மா பாசாருக்கு வந்தால் தக்காளிக் கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மேலே அடுக்கியிருப்பதை அவர் தொடவே மாட்டார். கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று என எடுத்துப் பார்ப்பார். இரண்டு அழுகியிருந்தால் அந்தக் கூடையே வேண்டாம்.

"ஒரு கிலோ தக்காளிக்கு ஏன்க்கா இந்தப் பாடு?" என்று ஜாசின் சந்தையில் ஒரு கடைக்காரர் கேட்டார்.

"மேல இருக்கிறது நீ காட்டணும்னு நெனைக்கிறது. நான் திங்கப் போறது கீழ இருக்கிறத லா" என்றார் சின்னம்மா.

இது தொழிற்சாலையில் வந்த பழக்கம். ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பெண்களை வேலைக்கு எடுக்கப் பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்பேட்டையிலிருந்து வேன் வந்தபோது, வீட்டில் கேட்காமலேயே பெயர் கொடுத்துவிட்டு வந்தார். 'ஃபேக்டரிக்காரி' என்று வாயைக் கோணியவர்களின் மகள்களும் அடுத்த வருடம் அதே வேனில் ஏறினார்கள். இருபது வருடங்களுக்கு மேலாக வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகக்கண் அளவு மின்னணுச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது தரம் பார்க்கும் பகுதியில் மூத்தவர்.

அங்கே ஆயிரக்கணக்கில் சில்லுகள் ஒரே தொகுப்பாக வரும். 'லாட்' என்பார்கள். எல்லாவற்றையும் பார்க்க நேரம் கிடையாது. இத்தனைக்கு ஒன்று என்று கணக்கு வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்தவற்றில் அளவுக்கு மேல் பழுது இருந்தால் லாட் மொத்தமும் திரும்பிப் போகும். கையில் வந்தது பழுதுபோலத் தெரிகிறது என்று அதைத் தட்டிலேயே திரும்பப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதை எடுப்பதுதான் அங்கே பெரிய குற்றம். அப்படிச் செய்த ஒரு பெண்ணைச் சின்னம்மாவே மேலிடத்தில் சொல்லி லைனை விட்டு எடுத்திருக்கிறார். சித்தப்பா வீரமுத்து இதைச் சொல்லிச் சீண்டினால் அவருக்குப் பதில் தயாராக இருக்கும். "எனக்கு மாப்ள பாத்தப்ப ஒரே ஒரு பீஸ்தான் வந்துச்சு. சாம்பிள் எடுக்க வழியில்ல."

1997 தொடக்கத்தில் நான் மலாக்காவுக்குத் திரும்பினேன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த கையோடு வெளிநாட்டுக்குக் கிளம்பியவள். மெல்போர்னுக்கு வெளியே பழத்தோட்டத்தில் வேலை, லண்டனில் உணவகத்தில் வேலை, நடுவில் காட்மாண்டு, மதராஸ் என்று ஏழு வருடம் போய்விட்டது. அப்பா வீட்டில் கல்யாணப் பேச்சு தாங்க முடியாமல், குருபோங்கில் சின்னம்மா வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்டேன். இரண்டு வாரம் ஓரிடத்தில் இருந்தால் எனக்குக் கால் பரபரக்கும். அதனால் அவர்கள் எங்கே போக வேண்டுமென்றாலும் பழைய டாட்சன் காரை நானே ஓட்டினேன்.

சின்னம்மாவின் ஒரே மகள் ஷாந்தினி அந்த வருடம் பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்திருந்தாள். மார்க்குகள் நன்றாகவே இருந்தன. பார்மசி படிக்க வேண்டும் என்று அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஜூன் மாதத்தில் பதில் வந்தது. கிழக்குக் கரையில் திரங்கானுவில் இடம் கிடைத்திருக்கிறது, மீன்வளத் துறையில்.

"மீனப் பத்திப் படிப்பா?" என்றார் சித்தப்பா. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியிலிருந்து இறங்கி அப்போதுதான் வந்திருந்தார். சட்டையெல்லாம் எண்ணெய் வாடை.

"ஆமாப்பா."

"நம்ம வீட்ல செவ்வா, வெள்ளி மீன் சட்டியே அடுப்புல ஏறாதே பொண்ணு."

"அந்த ரெண்டு நாளும் லீவு போட்டுக்குறேன்பா" என்று சொல்லிவிட்டு ஷாந்தினி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

சின்னம்மா சிரிக்கவே இல்லை. "நீ பார்மசிதான போட்ட?"

"எட்டு எடம் எழுதச் சொன்னாங்கம்மா. கடைசிக் கோட்டுல என்னா எழுதறதுன்னு தெரியல. சும்மா எழுதினேன்."

மேல்முறையீடு செய்து பார்த்தார்கள். பதில் மாறவில்லை.

கோலாலம்பூருக்குத் தெற்கே ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருந்தது. நேற்றுவரை கல்லூரியாக இருந்து, பலகையை மாற்றிக்கொண்ட இடம். அங்கே பார்மசி படிக்கலாம். இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் இங்கிலாந்தில். அவர்கள் அனுப்பிய விளம்பரப் புத்தகத்தில் புல்தரையில் உட்கார்ந்து எல்லா மாணவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கட்ட வேண்டிய பணம் இந்த வீட்டை விற்றால்தான் வரும்.

குருபோங் வீடு ஒற்றை மாடி வரிசை வீடு, இரண்டு அறை. ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் அதற்குமுன், பிறர் வெளியே போகச் சொல்ல முடியாத சொந்த வீட்டில் வாழ்ந்ததில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். சின்னம்மாவின் அப்பா ஓய்வு பெற்ற மாதமே சட்டிபானைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். அந்த லாரியில் ஏறி உட்கார்ந்து வந்தது சின்னம்மாவுக்கு மறக்கவில்லை. அதனால்தான் கல்யாணமான நாளிலிருந்து அவர் நச்சரித்த ஒரே விஷயம் வீடு.

இப்போது விற்கலாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

"வித்துட்டு எங்க போறது காளி?" என்றார் சித்தப்பா.

"வாடகைக்குப் போவோம். நாலு வருஷம். அப்புறம் அவ வாங்கித் தருவா."

"படிச்சு முடிக்கணும், வேல கெடைக்கணும், அப்புறம் ஒரு மருமவன் வந்து அதுக்கு சரிங்கணும்."

"மருமவன ஏன் இழுக்குறீங்க?"

தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த அப்துல் ஹமீது, கல்யாணமாகப் போகும் மகன் நிஜாமுக்காக வீடு தேடிக்கொண்டிருந்தார். விஷயம் காதுக்கு எட்டியதும் ஒரு மாலை வந்து உட்கார்ந்தார். தேநீரைக் குடித்துவிட்டு, "எனக்கு வீடு வேணும் தங்கச்சி, அத மறைக்கல. ஆனா உங்க மனசுல ஓடுறது முடியட்டும். மாச கடைசி வரைக்கும் வேற எங்கயும் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மீன்வளத்துக்கு ஒப்புக்கொள்கிறோமா என்று திரங்கானுவுக்கும் அதே மாத கடைசிக்குள் சொல்லியாக வேண்டும்.

பேச்சு காலையில் விட்ட இடத்திலிருந்து இரவில் தொடங்கும். தனியார் என்றால் விரும்பிய படிப்பு, இங்கிலாந்து, சொந்தமாகக் கடை வைக்கலாம். திரங்கானு என்றால் செலவு குறைவு, அரசாங்கப் பட்டம், வீடு இருக்கும். ஆனால் யாருக்கும் பிடிக்காத படிப்பு. இரண்டு பக்கமும் என்னைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள்.

"உங்கக்கா மவளப் பாரு. யூனிவெர்சிட்டிக்கா போனா? உலகத்தயே சுத்திட்டு வந்துட்டா" என்றார் சித்தப்பா.

"சுத்திட்டு வந்து எங்க படுத்திருக்கா? என் வீட்ல, என் பாய்ல" என்றார் சின்னம்மா.

நான் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே நடக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அதே பேச்சுதான்.

ஒரு நாள் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்த சின்னம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "சும்மா பேசிக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆவாது. சனிக்கெழம அங்க போவோம். சாம்பிள் எடுப்போம்."

அந்தச் சனிக்கிழமை பல்கலைக்கழகத்தில் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். சித்தப்பாவுக்கு லாரி வேலை இருந்தது. நாங்கள் மூவரும் போனோம். கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் எங்களைக் குளிரூட்டிய அறைக்கு அழைத்துப்போய், கோட்டுப் போட்ட மூன்று மாணவர்களை வரிசையாக நிறுத்தினார். மூவரும் மாறி மாறிப் பேசினார்கள். நூலகம், விடுதி, மான்செஸ்டர். சின்னம்மா மரியாதையாகக் கேட்டு முடித்துவிட்டு எழுந்தார்.

"கேண்டீன் எங்க தம்பி இருக்கு?"

கேண்டீனுக்கு வகுப்புக் கட்டடத்திலிருந்து ஒரே ஒரு படிக்கட்டு இறங்கியது. அதன் அடியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். இறங்கி வரும் ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் நிறுத்திக் கேட்பது என்று முடிவு. மொத்தம் பத்துப் பேர். மூன்று பேர் 'இல்லை' என்றால் இந்த இடம் வேண்டாம்.

"மா, ப்ளீஸ் லா. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் ஷாந்தினி.

"பாக்கட்டும். வீட்ட விக்கப் போறவ நானு."

ஷாந்தினி தள்ளிப் போய்த் தண்ணீர் பாட்டில் விற்கும் இடத்தில் நின்றுகொண்டாள். நான் சின்னம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. மலாய்க்காரரிடமும் சீனரிடமும் மலாயில் கேட்டார். தமிழ்ப் பிள்ளை என்றால் தமிழில். "மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொன்னா, இதே எடத்துக்கு வருவியா?"

முதலில் நின்ற சீனப் பையன் இரண்டடி பின்வாங்கினான். "ஆன்ட்டி, இன்ஷூரன்ஸா?" இல்லை என்றதும் வாய்விட்டுச் சிரித்து, வருவேன் என்றான். அடுத்து வந்த மலாய்ப் பெண்ணும் வருவேன் என்றாள். கிள்ளானிலிருந்து வந்த ஒரு பையன் யோசித்து, "சாப்பாடு நல்லாருந்தா வருவேன் ஆன்ட்டி" என்றான். "படிப்பக் கேட்டேன்டா" என்றார் சின்னம்மா. "அப்ப வருவேன்." ஒருத்தி நிற்காமலேயே "நோ!" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஒரு பையன், பாடம் நடத்த ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், வேறு இடம் போயிருப்பேன் என்றான். மற்றவர்கள் வருவோம் என்றார்கள். ஒரு காவலாளி வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். சின்னம்மா தம் தொழிற்சாலை அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் என்ன புரிந்ததோ, அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் ஒரே ஓர் ஆள் பாக்கி. இரண்டு 'இல்லை' ஏற்கனவே விழுந்தாயிற்று.

சின்னம்மாவின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதாக ஒரு தமிழ்ப் பெண் இறங்கி வந்தாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கயிறு கட்டிய புத்தகப் பெட்டி. கண்கள் வீங்கியிருந்தன. பெட்டி ஒவ்வொரு படியிலும் இடித்தது.

சின்னம்மா அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து கைப்பையின் ஸிப்பைத் திறந்து, உள்ளே எதையோ தேடினார். அந்தப் பெண் எங்களைக் கடந்து போனாள். ஸிப் மூடியது. அடுத்து வந்த, பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்த பையனைச் சின்னம்மா கைநீட்டி நிறுத்தினார்.

"கண்டிப்பா வருவேன் ஆன்ட்டி!" என்றான் அவன்.

"சரி. முடிஞ்சிச்சு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

திரும்பினால் ஷாந்தினியைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தோம். சாலையோரப் பஸ் நிறுத்தத்தில், அந்தப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தபடி, அந்தப் பெண்ணோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். பஸ் வந்ததும் பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டு எங்களிடம் வந்தாள். காரில் ஏறினாள். நெடுஞ்சாலைக்கு வண்டியைத் திருப்பினேன்.

"அந்தப் பொண்ணுதானே அஞ்சாவது?" என்றாள் ஷாந்தினி, பின்சீட்டிலிருந்து.

சின்னம்மா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் எண்ணிக்கிட்டுத்தான்மா இருந்தேன்."

"எண்ணிட்ட இல்ல? அப்புறம் என்னா கேள்வி?"

"ஏம்மா விட்டீங்க?"

"அது அழுதுக்கிட்டு போச்சு. அதுகிட்ட போயி என்னான்னு கேக்குறது?"

"அழுதுச்சுன்னுதான் விட்டீங்க."

சின்னம்மா என்னை வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓய்விடம் வரட்டும் என்று நான் சொல்வதற்குள் கதவுக் கைப்பிடியில் கை வைத்துவிட்டார். ஓரங்கட்டினேன். இறங்கிப் போய்ப் புல்லில் நின்றார். லாரிகள் போகும் காற்றில் சேலை படபடத்தது. ஷாந்தினி கண்ணாடியை இறக்கிக்கொண்டு கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அது ஃபெயில் ஆவலம்மா! அது நல்லாப் படிக்கிற பொண்ணு. ரெண்டாவது வருஷம். அவுங்கப்பா கட போயிருச்சு. ஃபீஸ் கட்ட முடியாம பாதியில அனுப்பிட்டாங்க. இப்ப கடையும் இல்ல, படிப்பும் இல்ல. நமக்கு அப்பாவோட லாரி நின்னா என்னா பண்றது?"

"லாரி ஏன் நிக்கப் போவுது?"

"அவுங்க கடையும் ஏன் நிக்கப் போவுதுன்னுதான் நெனச்சிருப்பாங்க."

"அப்ப மீனு படிக்கப் போறியா?" சின்னம்மா திரும்பினார். அவர் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "மீனுக்காடி நான் இருவது வருஷம் கண்ண அவிச்சேன்? எங்கிட்ட ஒருத்தரும் வந்து நின்னு, என்னா செய்யலாம், எந்த மருந்த சாப்பிடலாம்னு கேட்டதில்ல. அந்த மெஷினு கேக்குமா? உன்ன நாலு பேரு கேக்கணும். அதுக்குத்தான் விக்கிறேன்னேன். அதுக்குத்தான் அந்தப் பொண்ண விட்டுட்டு என் கை அடுத்த ஆளுகிட்ட போச்சு."

பிறகு தணிந்த குரலில், "வேற ஒருத்தி இப்படிச் செஞ்சிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

ஷாந்தினி இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றாள். "எனக்கும் மீனு புடிக்கலம்மா. ஆனா அங்க என்னப் பாதியில பஸ்ஸுல ஏத்த மாட்டாங்க."

சின்னம்மா வந்து காரில் ஏறினார். மலாக்காவுக்குத் திரும்பும் ஆயர் குரோ வெளிவழியில் இறங்கும்போது, "வீடு விக்கலன்னு ஹமீது பாய்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். ஷாந்தினி முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். கேட்டது கிடைத்த முகமாக அது இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலையில் அவளைத் திரங்கானு பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அதே மாதம், வெள்ளி என்று நாங்கள் சொல்லும் ரிங்கிட்டின் மதிப்பு சரியத் தொடங்கியது. ஆகஸ்டில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று செய்தி வந்தது. ஒரு நாள் அப்துல் ஹமீது கடையில் அரிசி நிறுத்துக்கொண்டே, "நல்லவேள தங்கச்சி. வித்திருந்தா இங்கிலாந்து போற நேரம் மாட்டியிருப்பீங்க" என்றார்.

"நல்லவேளன்னு சொல்லாதீங்க பாய்" என்றார் சின்னம்மா.

அவர் தராசிலிருந்து நிமிர்ந்தார்.

"வெள்ளிக்காசு விழும்னு எனக்கு முன்கூட்டித் தெரிஞ்சா இருந்துச்சு? எல்லாரும் நான் என்னமோ கண்டுபுடிச்ச மாதிரி சொல்றீங்க. அந்தப் புள்ள வாராவாரம் போனுல மழையப் பத்தித்தான் பேசுது. படிப்பப் பத்தி ஒரு வார்த்த வாயில வரல."

அன்று வீட்டுக்கு வந்ததும் விடுப்புக்குச் சொல்லிவிட்டார். "நீதான் சும்மா கெடக்க மாட்டாதவளாச்சே. வண்டிய எடு" என்றார் என்னிடம். நானும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். குருபோங்கில் நான் அளவுக்கு மீறித் தங்கியாயிற்று. ஷாந்தினியிடம் சொல்லாமல் கிளம்பினோம்.

கடலுக்கு அப்பால் காடுகள் எரிந்து வந்த செப்டம்பர் மாதப் புகைமூட்டத்தில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பஹாங் மாநிலத்தைத் தாண்டிக் கடலோரச் சாலைக்கு வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. திரங்கானுவில் வழி கேட்டுக் கேட்டு வளாகத்துக்குப் போனோம். ஷாந்தினி குளத்தில் இருப்பாள் என்று விடுதியில் சொன்னார்கள்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக மீன்குஞ்சு வளர்க்கும் குளங்கள். ஒன்றில் ஏழெட்டு மாணவர்கள் முழங்காலளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தொப்பிக்கு அடியில் எல்லா முகங்களும் ஒன்றுபோல இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளைக் கண்டுபிடித்தோம். கறுத்திருந்தாள். பக்கத்தில் இருந்த பையனை மலாயில் ஏதோ திட்டினாள். அவன் சிரித்தான். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. வலையை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து, கடல் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

"கூப்பிடட்டுமா சின்னம்மா?"

"இரு. நாம வந்தது தெரியாம இருக்கும்போதே பாத்துக்குறேன்."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"என்னா தெரியுது?" என்றேன்.

"ஒண்ணுந் தெரியல. மேல நின்னு பாத்தா எப்பிடித் தெரியும்?" என்றார்.

வேலியில் கதவு இருந்த பக்கம் விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன். குளக்கரைக்கு வந்ததும் ஷாந்தினி நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தபடி நின்றாள்.

"மா? எப்ப வந்தீங்க? மா, எறங்காதீங்க! வழுக்கும்மா!"

சின்னம்மா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, அதற்குள் சேற்றில் கால் வைத்திருந்தார்.